பெத்தணன் மார்க் புல்வெட்டி

அத்தியாயம் 11

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்குக் கண்ணுச்சாமியின் பட்டாசுக் கம்பெனியில், கிழக்கு வேலி ஓரமாக நின்றவர்கள் ஐந்து பேர். கம்பெனி முதலாளி கண்ணுச்சாமி. அவருடைய போர்மேன் முனியராஜ். என் மருமகன் பாண்டிமுருகன். என் மகள் அழகுமீனா. ஐந்தாவது ஆள் நான், சங்கரலிங்கம். வேறு ஒருவரும் இல்லை. அன்று நடந்ததைப் பிறகு ஊரில் பேசியவர்களில் பாதிப் பேர் தாங்களும் அங்கே நின்றதாகச் சொல்லிக்கொண்டார்கள். அதனால்தான் பெயர்களை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

என் அப்பா பெத்தணனையும் சேர்த்துக்கொண்டால் ஆறு. அவர் போய்ச் சேர்ந்து பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் வேலி ஓரம் வரிசையாக நிறுத்தியிருந்த பதினோரு புல்வெட்டும் மெஷின்களிலும் அவர் இருந்தார். வெள்ளைத் தலைப்பாகை, முறுக்கின மீசை, பின்னால் உதிக்கிற சூரியன். கீழே வளைவாக, ‘பெத்தணன் மார்க்’ என்று சிவப்பு எழுத்து.

அந்தப் படம் அங்கே எப்படி வந்தது என்பதைச் சென்ற வாரங்களில் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளை மதுரையில் ஒரு பொருட்காட்சியில் இந்த மெஷினைப் பார்த்தார். வயர் கிடையாது, பெட்ரோல் கிடையாது, பேட்டரியில் ஓடும். பட்டாசுக் கம்பெனியில் ஷெட்டுகளைச் சுற்றிக் காய்ந்த புல் நிற்கக் கூடாது; ஒரு பொறி விழுந்தால் போதும். பெட்ரோல் மெஷினை உள்ளே விடவும் முடியாது. அதனால் எங்கள் வட்டாரத்தில் பெண்கள் அரிவாளோடு கம்பெனி கம்பெனியாகப் போய்ப் புல் அறுப்பார்கள். இனி அந்தப் பாடு இல்லை என்றார் மாப்பிள்ளை. நாற்பது மெஷின் எடுத்தார். கூடவே பேட்டரியில் ஓடும் செடி வெட்டுகிற கத்தரி இருபது.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. சாமான் வருவதற்கு முன்னால் லேபிள் வந்துவிடும். தீப்பெட்டியானாலும் சரி, ஊதுபத்தியானாலும் சரி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே மேலே என்ன படம் போடுவது என்று பேசி முடித்துவிடுவோம். அழகுமீனா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் லேபிள் வரைகிறவள். தாத்தா படத்தை அவளே எடுத்து அமைத்தாள். நான் பார்த்தேன். மீசையை இன்னும் கொஞ்சம் கறுப்பாக்கச் சொன்னேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். மெஷினை ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்கள் என்று சொல்லவில்லை.

மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நானே கம்பெனி கம்பெனியாகப் போனேன். ‘எங்கப்பா பேரு இருக்கு, பாத்துக்கோங்க’ என்றேன். ஒரு வாரத்தில் நாற்பதும் போய்விட்டன. கண்ணுச்சாமி மட்டும் பதினொன்று எடுத்தார்.

ஒரு மாதம் ஓடியது. திங்கட்கிழமை சாயங்காலம் அவர் போன் செய்தார்.

“அண்ணாச்சி, வியாழக்கிழமை செக்கிங்குக்கு ஆபீசர் வர்றாக. புல்லு இடுப்பளவு காஞ்சு நிக்குது. உங்க மிசினை நீங்களே வந்து ஒருக்க ஓட்டிக் காட்டிருங்க.”

“சார்ஜ் சரியாப் போட்டிருக்க மாட்டாக” என்றேன்.

“வந்து பாருங்க அண்ணாச்சி.”

கேட்டில் எங்கள் செருப்புகளை வாங்கி வைத்தார்கள். செல்போன்களை வாங்கினார்கள். மாப்பிள்ளையின் சட்டைப் பையில் தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்கள். அங்கே யார் போனாலும் இப்படித்தான். ஆனால் அந்தப் பதினோரு மெஷின்கள் ஒரு மாதத்துக்கு முன்னால் அதே கேட் வழியாக எந்தச் சோதனையும் இல்லாமல் உள்ளே போயிருந்தன. ‘சங்கரலிங்கம் அண்ணாச்சி வீட்டுச் சாமான்’ என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

முதல் மெஷின் கிளம்பவே இல்லை.

இரண்டாவதில் பச்சை விளக்கு எரிந்தது. சத்தமும் வந்தது. பத்தடி போனது. கரிசல் மண்ணில் ஒரு கல் இடறியதும் முன்சக்கரம் கழன்று, தனியாக ஓடி, வேலியில் முட்டி விழுந்தது.

மூன்றாவது ஓடியது. ஆனால் அது கடந்து போன இடத்தில் கொழுக்கட்டைப் புல் கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்துவிட்டு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக நிமிர்ந்தது.

“பிளேடு மொட்டையாயிருச்சு மாமா” என்றார் மாப்பிள்ளை. “தீட்டிக்கிடலாம்.”

முனியராஜ் மெஷினைக் கவிழ்த்துப் பிளேடைத் தொட்டான். அது அவன் விரலோடு வளைந்தது.

“இதைத் தீட்டுனா ஒண்ணும் மிஞ்சாது சார்.”

“எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டீகளா?” என்றார் மாப்பிள்ளை.

“நாள் பூரா கரண்டு இருக்கிறதே அம்புட்டு நேரந்தான சார். மத்த சோலிக்கெல்லாம் என்ன செய்ய?”

மின்வெட்டு உச்சத்தில் இருக்கிற வருடம் இது. மாப்பிள்ளை கத்தரியை எடுத்துக்கொண்டு வேலி ஓரத்துச் சீமைக்கருவேலஞ் செடிக்குப் போனார். பென்சில் கனத்தில் ஒரு கிளை. கத்தரி அதைக் கவ்வியது. மோட்டார் முனகியது. நின்றுவிட்டது. கிளை அப்படியே இருந்தது. அதிலிருந்து கத்தரியை விடுவிக்க இரண்டு பேர் இழுக்க வேண்டியிருந்தது.

அழகுமீனா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழாவது மெஷின் கிளம்பி, இருமி, அடங்கியது. முனியராஜ் நிமிர்ந்து பார்க்காமலே கண்ணுச்சாமியிடம் சொன்னான்:

“பெத்தணனும் படுத்துட்டாரு மொதலாளி.”

சொன்ன பிறகுதான் நான் நிற்பது அவனுக்கு நினைவு வந்தது. கை அப்படியே நின்றது.

“என்ன சொன்ன?” என்றேன்.

“ஒண்ணுமில்ல ஐயா.”

“சொல்லு.”

“மிசினைச் சொன்னேன் ஐயா. எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாக. பெத்தணனுக்குச் சார்ஜ் போடு, பெத்தணன் காலு கழண்டுருச்சி, பெத்தணனைத் தூக்கி ஓரமாப் போடுன்னு... பேரு அதுலதான எழுதியிருக்கு.”

அவன் கேலியாகச் சொல்லவில்லை. பழகிப்போன வார்த்தையாகச் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை. என் அப்பாவை ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் மூன்றே பேர், மூவரும் அவருக்கு மூத்தவர்கள். ஒரு மாதமாகப் பத்துப் பன்னிரண்டு கம்பெனிகளில், போகிறவர் வருகிறவர் எல்லாம் அவரைக் காலால் தள்ளி ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதற்கு வழி செய்து கொடுத்தவன் நான்.

எட்டாவது மெஷினை முனியராஜ் வேப்பமர நிழலுக்குத் தள்ளிப் போய் ஓட்டினான். மோட்டார் மூடியின் சந்துக்குள் நீலமாக ஏதோ மினுங்கியது. ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை.

“நிறுத்து” என்றார் கண்ணுச்சாமி. குரலை உயர்த்தவில்லை. நாற்பது வருடமாகப் பட்டாசுத் தொழிலில் இருக்கிற மனிதர். “முனியராஜு, பதினொண்ணையும் கேட்டுக்கு வெளிய கொண்டு போ. இழுக்காத. தூக்கு.”

மெஷின்கள் வெளியே போகும்வரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“காசைப் பத்திப் பேச வரல அண்ணாச்சி. இது ஒரு மாசம் உள்ள இருந்திருக்கு. இருநூறு சனம் வேலை செய்யுற எடம். நான் மிசினைப் பாத்து வாங்கல, உங்க மூஞ்சியப் பாத்து வாங்குனேன்.”

நான் வேலி ஓரத்துப் புல்லைப் பார்த்தேன்.

“வியாழக்கிழமை வெள்ளன ஆபீசர் வந்துருவாக. புல்லு நின்னா பூட்டிட்டுப் போயிருவாக. இருநூறு பேருக்கும் நான்தான் வாசல்ல நின்னு காரணம் சொல்லணும். அப்ப உங்கப்பா பேரைத்தான் சொல்லுவேன். வேற பேரு எனக்குத் தெரியாது.”

*

கேட்டுக்கு வெளியே, காருக்குப் பக்கத்தில், அழகுமீனா ஒரு மெஷின் முன்னால் உட்கார்ந்து லேபிளின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன செய்ற?”

“பிச்சிருறேம்ப்பா. தாத்தா படமாவது இதுல இல்லாமப் போகட்டும்.”

“முகத்தைக் கிழிக்காத.”

“அப்ப இப்படியே கெடக்கட்டுங்கீகளா?”

இரண்டுக்கும் மனம் ஒப்பவில்லை. ஆனால் நகத்துக்கு அந்த லேபிள் உரியவும் இல்லை. சக்கரம் கழன்றிருந்தது, பிளேடு வளைந்திருந்தது, கைப்பிடியில் விரிசல் விட்டிருந்தது. சிவகாசியில் அடித்த லேபிள் மட்டும் ஒட்டின அன்று இருந்தது போலவே பளபளத்தது.

“அதுக்கு அடியில செஞ்சவன் பேரு இருக்கும்ல?” என்றேன் மாப்பிள்ளையிடம். “அவனைப் போய்ப் பிடிங்க.”

பாண்டிமுருகன் தரையைப் பார்த்தார்.

“அந்தப் பேரை மறைக்கத்தான மாமா நம்ம லேபிளை அம்புட்டுப் பெருசா அடிச்சோம்.”

பிறகு அவரே, ஒரு மெஷினைக் காரில் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போவதாகச் சொன்னார். விற்றவன் கடையை அவருக்குத் தெரியும். நியாயம் கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். பொறுப்பிலிருந்து தப்பி ஓடுகிறார் என்று அப்போது நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. அவரால் என் முன்னால் நிற்க முடியவில்லை.

கார் போனதும் அழகுமீனா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்பா, அவுக மதுரையில என்ன சண்டை போட்டாலும் இங்கன புல்லு போகாது. குருவம்மாக்காகிட்டத்தான் போகணும்.”

குருவம்மாள் என்பவள் புல் அறுக்கிற பெண்களுக்கு மூத்தவள். அவளோடு சேர்த்து ஏழு பேர். பத்து வருடமாக அந்த வட்டாரத்துக் கம்பெனிகளில் புல் அறுத்தது அவர்கள்தான். ஒரு மாதத்துக்கு முன்னால், இதே கேட்டில், வேனில் வந்த ஆட்கள் எல்லாரும் இறங்கி நிற்கும்போது நான்தான் அவர்களிடம் சொன்னேன்: “எங்கப்பா பேருல மிசினு வந்துருச்சு. இனி நீங்க வெயில்ல குனிய வேண்டாம். வேற சோலி பாத்துக்கோங்க.” நல்லது செய்வதாகவே நினைத்தேன். சிலர் கைகூடத் தட்டினார்கள். குருவம்மாள் தட்டவில்லை.

“முனியராஜை அனுப்புவோம்” என்றேன்.

“முனியராஜா சொன்னான் வேற சோலி பாருங்கன்னு?”

என் மகள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அவள் வந்திருந்த ஸ்கூட்டரில், அவள் பின்னால், ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அறுபத்தெட்டு வயதில் அதுவும் முதல் தடவை.

*

குருவம்மாளின் தெரு கம்பெனியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் இருக்கும். அந்தத் தெரு வழியாகக் காரில் பல தடவை போயிருக்கிறேன். இறங்கியதில்லை.

அவள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். அவசரப்படவில்லை. உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

“வாங்க ஐயா. உக்காருங்க.”

“இருக்கட்டும்.”

“வா தாயி. தண்ணி குடிக்கியா?”

அழகுமீனா வாங்கிக் குடித்தாள். பிறகு சொம்பு என்னிடம் வந்தது. குடித்தேன். அந்தத் தெருவில் நான் தண்ணீர் குடித்தது அதுதான் முதல் தடவை. பெருமையாகச் சொல்லிக்கொள்கிற விஷயம் அல்ல.

“கண்ணுச்சாமி கம்பெனியில புல்லு நிக்கு” என்றேன்.

“தெரியும் ஐயா. ரோட்டுல போகையில பாத்தோம்.”

“வியாழக்கிழமைக்குள்ள வெட்டணும்.”

“மிசினு என்னாச்சு?”

“சரியில்ல.”

“எந்த மிசினு?”

அவளுக்குத் தெரியும். நான் சொல்ல வேண்டும் என்று நின்றாள்.

“பெத்தணன் மார்க் மிசினு” என்றேன்.

அவள் தலையசைத்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அது வசதியாக இருந்திருக்கும்.

“உங்கப்பாரு வயல்ல எங்காத்தா கதிரறுத்தவ. நானும் சின்னதுல கூடப் போயிருக்கேன். காலையில அருவா கொடுக்கையில, ஒவ்வொண்ணையும் பெருவிரல்ல தடவிப் பாத்துட்டுத்தான் கொடுப்பாரு உங்கப்பாரு. மொட்டையா இருந்தா திருப்பி அனுப்பிருவாரு.”

“தெரியும்” என்றேன். தெரியாது. நான் பார்த்ததில்லை. அந்த நேரத்துக்கு நான் வயலுக்குப் போனதில்லை.

“நல்ல மனுசன்னு சொல்ல வரல. கூலிக்கு நாலு நாளு நடக்க விடுவாரு. ஆனா அருவாளைப் பாத்துத்தான் கொடுப்பாரு.”

அழகுமீனா என் முகத்தைப் பார்த்தாள். என் அப்பாவைப் பற்றி அவருடைய வயலில் வேலை பார்த்தவர்களின் பிள்ளை என் முன்னால் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் சொன்னதில் எது பொய் என்று யோசித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

“வருவீகளா மாட்டீகளா அக்கா?” என்றாள் அழகுமீனா.

குருவம்மாள் அவளுக்குப் பதில் சொல்லாமல் என்னைக் கேட்டாள்.

“வேற சோலி பாத்துக்கோங்கன்னு சொன்னீகளே ஐயா, அது எங்க வச்சிச் சொன்னீக?”

“கம்பெனி கேட்டுல.”

“யாரு யாரு இருந்தாக?”

“எல்லாரும் இருந்தாக.”

“இப்பக் கேக்கது எங்கன வச்சி?”

“இங்க.”

“இங்க நான் மட்டுந்தான இருக்கேன். சொன்ன எடத்துல வச்சிக் கேளுங்க. ஒரு மணிக்குச் சோத்துக்கு எல்லாரும் கேட்டுக்கிட்ட வருவாகள்ல, அப்பக் கேளுங்க. நாங்க வந்து நிக்கோம்.”

“ஏழு பேரும் வந்துருவீகல்ல?” என்றாள் அழகுமீனா.

“ஆறு பேரு தாயி.”

“ஒருத்தி?”

குருவம்மாள் மறுபடி உட்கார்ந்து கீரையை எடுத்துக்கொண்டாள். சொல்லும்போது எங்களைப் பார்க்கவில்லை.

“மாடத்தி. ஒரு கண்ணு சரியாத் தெரியாது அவளுக்கு. இந்த வேலை போனதும், வெம்பக்கோட்டைப் பக்கம் ஏதோ காட்டுக்குள்ள செட்டு போட்டு, லைசன்ஸ் இல்லாம வெடி உருட்டுறாகளாம், அங்க போயிட்டா. வேன் வந்து கூட்டிட்டுப் போகுது. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை வருவா. போன ஞாயித்துக்கிழமை வரல. எந்த செட்டுன்னு எங்க யாருக்கும் தெரியாது. வேன்காரனும் இந்தப் பக்கம் வரல.”

ஒரு கீரைக்காம்பை ஒடித்துப் போட்டாள்.

“உங்களுக்கு நாலு மொதலாளிமாரைத் தெரியும். கேட்டுச் சொல்லுங்க” என்றாள். “புல்லு வெட்டுறதுக்கும் இதுக்கும் முடிச்சு போடல. அது வேற. இது வேற.”

*

பன்னிரண்டரை மணிக்கு நாங்கள் கேட்டுக்குத் திரும்பியபோது நான் வாட்ச்மேனிடம் மறந்து விட்டுப்போன செல்போன் அடித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை.

“என்ன சொல்றான்?”

“மாமா...” பின்னால் பஸ் சத்தம். “லேபிளைப் பாத்துட்டுச் சிரிக்கான் மாமா. இது எங்க சரக்கே இல்லைங்கான். பெத்தணன் யாரோ அவரையே போய்க் கேளுங்கங்கான்.”

“நீங்க என்ன சொன்னீக?”

“என்ன சொல்ல?”

இரண்டு வார்த்தை கடுமையாகச் சொல்ல நினைத்தேன். என் முன்னாலிருந்த கேட்டைப் பார்த்தேன்.

“சாப்பிட்டீகளா?” என்றேன்.

“இல்ல மாமா.”

“சாப்பிட்டுட்டு வாங்க.”

ஒரு மணிக்குச் சங்கு ஊதியது. ஆட்கள் கையைக் காலைக் கழுவிக்கொண்டு, தூக்குச் சட்டிகளோடு கேட்டுக்குப் பக்கத்துக் கொட்டகைக்கு வந்தார்கள். அலுமினியப் பொடி ஒட்டின முகங்கள். கண்ணுச்சாமி ஆபீஸ் வாசலில் நின்றார். முனியராஜ் அவருக்குப் பின்னால். ரோட்டோரம் ஆறு பெண்கள், இடுப்பில் அரிவாள் செருகி, தலையில் துண்டு கட்டி, வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு நேரே, சாலை ஓரத்தில், பத்து மெஷின்களும் கிடந்தன. பத்திலும் என் அப்பா.

“சாப்பிட்டு முடிக்கட்டும். பெறகு பேசலாம்” என்றேன் அழகுமீனாவிடம்.

“அப்பா.”

நான் கேட்டுக்கு நேரே போய் நின்றேன். கொட்டகையில் பேச்சு அடங்கியது.

“குருவம்மா, மிசினு ஓடல” என்றேன். “அதை வித்தவன் ஏமாத்திட்டான். அதனால...”

“மிசினைப் பத்தி நாங்க கேக்கல ஐயா.”

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

யாரோ ஒரு பையன் கொட்டகைக்குள்ளிருந்து, “பெத்தணனுக்குச் சார்ஜ் இல்லலே” என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். குருவம்மாள் திரும்பி, “ஏலே, வாயில சோத்த வச்சிக்கிட்டுப் பேசாத” என்றாள். சிரிப்பு நின்றது. எனக்காகச் செய்தாள் என்று நினைக்கவில்லை. நான் சொல்ல வேண்டியது எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகச் செய்தாள்.

எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கம் உண்டு. கோவில் கமிட்டியில் பேசியிருக்கிறேன். பஞ்சாயத்தில் பேசியிருக்கிறேன். அன்று வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வந்தது.

“ஓட்டிப் பாக்காம மிசினுக்கு எங்கப்பா பேரைப் போட்டேன். அந்தப் பேரைச் சொல்லி இங்கன விட்டேன். இதே எடத்துல வச்சி உங்க வேலைய நிறுத்துனேன். விசாரிக்கல. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல. தப்பு என்னுது. வந்து புல்லு அறுத்துக் கொடுங்க.”

கொட்டகையில் ஒரு தூக்குச் சட்டி மூடி கீழே விழுந்து உருண்டது. எடுக்க யாரும் குனியவில்லை.

குருவம்மாள் மற்ற ஐந்து பேரையும் பார்த்தாள். அவர்களில் ஒருத்தி, சுப்புலட்சுமி, தோளைக் குலுக்கினாள்.

“சரி ஐயா. கஞ்சி குடிச்சிட்டு எறங்குறோம்” என்றாள் குருவம்மாள்.

அவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கண்ணுச்சாமி நாற்காலி அனுப்பினார். நான் உட்காரவில்லை. அவர்கள் கை கழுவி எழும்வரை கேட்டிலேயே நின்றேன். மாசி மாத வெயில். அழகுமீனா குடை கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன். அவள் குடையை மடக்கி வைத்துவிட்டு, என் பக்கத்தில் நின்றாள்.

ஆறு பேரும் கிழக்கு வேலியில் ஆரம்பித்தார்கள். மெஷின் ஓடின தடத்தில் நிமிர்ந்து நின்ற புல் முதலில் விழுந்தது. ஒரு பிடி, ஓர் இழுப்பு, அவ்வளவுதான். பின்னால் கறுப்பு மண் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் ஐந்து ஷெட்டுகளைச் சுற்றி முடித்தார்கள். புதன்கிழமை பொழுது சாய்வதற்கு முன் எல்லாம் முடிந்துவிட்டது. வியாழக்கிழமை ஆபீசர் வந்தார், நடந்து பார்த்தார், புல்லைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கண்ணுச்சாமி எனக்குப் போன் செய்து, “போயிட்டாக அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னார். முன்பெல்லாம் பத்து நிமிடமாவது பேசுவார்.

மற்ற கம்பெனிகளிலிருந்து மெஷின்களை மாப்பிள்ளை ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்துவந்துகொண்டிருக்கிறார். மாட்டுத்தொழுவத்தில் முகம் சுவரைப் பார்க்க அடுக்குகிறோம்.

வெம்பக்கோட்டைப் பக்கம் எனக்குத் தெரிந்த நாலு முதலாளிகளையும் கேட்டுவிட்டேன். அப்படி ஒரு ஷெட்டே கிடையாது என்று நாலு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். ஒருவர், “இதுல எல்லாம் உங்களுக்கு என்ன அண்ணாச்சி” என்றார்.

வெள்ளிக்கிழமை என் மனைவி செல்லத்தாய் இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்குப் போய்விட்டுச் சிரித்த முகமாக வந்தாள். பஸ்ஸில் பேசிக்கொண்டார்களாம். மெஷின்கள் எல்லாம் நன்றாக ஓடினவாம். ஆனால் ஏழு பெண்களும் நம் வீட்டு வாசலில் வந்து, பிழைப்பு போய்விட்டது என்று அழுதார்களாம். சங்கரலிங்கம் அண்ணாச்சி மனமிரங்கி, மெஷினை ஓரமாக வைத்துவிட்டு அவர்களுக்கே வேலையைத் திருப்பிக் கொடுத்தாராம்.

“கேக்க நல்லாத்தான இருக்கு. அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே” என்றாள்.

இந்தப் பேச்சு எங்கள் வீட்டிலிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். யார் வாயிலிருந்து என்று நான் கேட்கவில்லை.

அது உண்மை அல்ல. மெஷின் ஓடவில்லை. யாரும் என் வாசலுக்கு வரவில்லை, யாரும் அழவில்லை. நான்தான் குருவம்மாள் வாசலுக்குப் போனேன், பிறகு கம்பெனி கேட்டில் எல்லார் முன்னாலும் கேட்டேன். வந்தவர்கள் ஏழு பேர் அல்ல, ஆறு பேர். மாடத்தி எங்கே இருக்கிறாள் என்று இதை எழுதும் நாள் வரை தெரியவில்லை.